இரண்டு வளையங்கள்

கடைசித் திருகாணியை இறுக்கும்போது அவளுடைய விரல்கள் நடுங்கின.

ஒன்பது சுற்று ஓட்டிய களைப்பு. பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

பார்ப்பதற்குச் சைக்கிள் கொட்டகையின் பின்புறம் யாரும் இல்லை. கைப்பிடிக்கு அடியில் இருந்த இரண்டு வளையங்களையும் உருவி, பழையபடி அதற்கு மேலே போட்டாயிற்று. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். அடியில் கிடந்தால் கைப்பிடி உயரும். மேலே ஏறினால் தாழும்.

இனி அளந்து பார்த்தாலும் சரியாக இருக்கும்.

பயிற்சியாளர் ஞானதுரையிடம் ஒரு மரக்கோல் இருந்தது. இருக்கையைவிடக் கைப்பிடி எவ்வளவு தாழ வேண்டும் என்பதற்கு அதில் ஒரு கோடு. அந்த விளையாட்டு விடுதியில் நெட்டையானவளுக்கும் அதே கோடு, குட்டையானவளுக்கும் அதே கோடு. காற்று ஒரு வாயிற்காவலன், தலை குனிந்து வருகிறவளையே உள்ளே விடுவான் என்று அவர் கதை சொல்வார். கோட்டை மீறிய ஒருத்தியைப் போன ஆண்டு பெட்டி படுக்கையோடு ஊருக்கு அனுப்பினார்.

அந்தக் கோட்டில் அவளுக்கு மூச்சு இறங்கவில்லை.

ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் இடிக்கும். ஆறாவது சுற்றில் தோள் தானாக நிமிரும். நிமிர்ந்த நெஞ்சில் காற்று அறையும். மூன்று ஆண்டுகளாக அவள் ஆறாவது சுற்றில்தான் தோற்றுக்கொண்டிருந்தாள்.

அருள்மேரிக்கு மட்டும் விலக்கு இருந்தது. மணிக்கட்டு முறிந்து கூடியவள் என்பதால், ஞானதுரையே அவளுக்கு இரண்டு வளையம் உயர்த்திக் கொடுத்திருந்தார். அவள் வேகமாகப் போவதற்கு அவளுடைய கால்களே காரணம் என்று நம்பினார்.

போன மாதம் தன் சைக்கிள் பஞ்சரானபோது அருள்மேரியின் சைக்கிளை அவள் இரவல் வாங்கினாள். ஓட்டிப் பாரேன், என்ன தேய்ந்துவிடப் போகிறது என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள் அருள்மேரி.

ஆறாவது சுற்றில் தோள் நிமிரவில்லை. ஏழாவதிலும் இல்லை.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று தேர்வு. தேசியப் போட்டிக்கு இந்த விடுதியிலிருந்து ஒருத்திதான் போகலாம். போட்டியில் இருந்தவர்கள் அவளும் அருள்மேரியும் மட்டுமே. போய்வந்தால் வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். இருவருக்கும் வயது வரம்பில் இது கடைசி ஆண்டு.

ஞானதுரை கோலை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். நிறுத்துக் கடிகாரத்தோடு பாதையின் மறுபக்கம் நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் கொட்டகையின் மறைவில் வளையங்களை மாற்றிக்கொண்டாள். அத்தனை தூரத்திலிருந்து இரண்டு விரல் உயரம் யார் கண்ணுக்கும் தெரியாது.

முதலில் ஓட்டியவள் அவள். தன் பழைய நேரத்தில் நான்கு நொடி குறைத்தாள். அருள்மேரியின் வழக்கமான நேரத்தைவிடவும் அது ஒரு நொடி குறைவு.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். காலையில் இட்லியோடு எதைச் சேர்த்து விழுங்கினாய் என்று ஒருத்தி கேட்டாள். அருள்மேரி அவளுடைய கழுத்து வியர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டாள்.

ஞானதுரை மறுபடி கோலை வைத்து அளந்தார். கோடு சரியாக இருந்தது. அவர் கண்கள் கலங்கிவிட்டன. கடைசி வரை முதுகு பலகை மாதிரி படிந்தே கிடந்தது, பார்த்தீர்களா என்றார். இத்தனை நாள் இந்த அளவைக் கொடுமை என்று முணுமுணுத்தவர்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

பிறகு அவர் அருள்மேரியின் பக்கம் திரும்பினார். மணிக்கட்டுதான் தேறிவிட்டதே, இனிச் சலுகை எதற்கு, கைப்பிடியை இரண்டு வளையம் இறக்கிவிட்டு ஓட்டு, நீயும் நான்கு நொடி குறைப்பாய் என்றார். அதில் கள்ளம் இல்லை. இருவரில் யார் போனாலும் அவருக்கு மகிழ்ச்சிதான்.

அருள்மேரி தன் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அவளைத் தனியே கொட்டகையின் ஓரத்துக்கு அழைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடி. மாட்டேன்னா சார் கட்டாயப்படுத்த மாட்டார். நீ சொல்லு. நீ சொன்னா இறக்கிக்கிறேன்."

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"முதல் ரெண்டு சுத்துதான் ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும்."

அருள்மேரி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். திருகாணிச் சாவியை அவளிடமே நீட்டினாள்.

அவளே கழற்றினாள். அவளே மாட்டினாள். இந்த முறை விரல்கள் நடுங்கவில்லை.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி முடித்தவள்தான் அடுத்து ஓட்டுகிறவளின் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதும் வரை ஒரு கை இருக்கையின் அடியில் இருக்கும், மற்றது முதுகைத் தாங்கும்.

அருள்மேரி ஏறினாள். பாதங்களை மிதிகட்டைகளில் பூட்டினாள். கைப்பிடி இருந்த இடத்தைத் தேடி முதுகை வளைத்தாள். இன்னும் வளைத்தாள்.

முதுகைத் தாங்கியிருந்தவளின் உள்ளங்கைக்குக் கீழே அருள்மேரியின் மூச்சு பாதியில் முட்டி நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி நின்றது.

"கெட்டியாப் பிடிச்சிக்கோடி," என்றாள் அருள்மேரி, திரும்பாமலே.

பிடித்திருந்தாள்.

மறுபக்கத்தில் ஞானதுரை கையை உயர்த்தினார்.

விசில் ஒலித்தது. ஒரு நொடிகூடப் பிந்தாமல், அவள் கையை விட்டாள்.