விருந்தாளி டிரம்

“இன்னும் ரெண்டு கை போடு ஆயாம்மா” என்றார் அன்புக்கரசி டீச்சர், சாம்பாருக்கு உப்புப் பார்த்துச் சொல்லும் குரலில்.

சத்துணவு சமைக்கும் பவுனம்மாள் கல்லுப்பை அள்ளிப் போட்டாள். போட்டது சாம்பாரில் அல்ல. குடிதண்ணீர் டிரம்மில்.

“தேனு மாதிரி தண்ணி டீச்சர். அத்தப் போய் இப்டி கலீஜ் பண்றமே?”

“கலக்கு.”

டீச்சர் கரண்டியை நீட்டினார். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், படகில் மட்டுமே வர முடிகிற மணல்மேட்டில் இருக்கிறது அவருடைய தொடக்கப்பள்ளி. மணலைத் தோண்டினால் இளநீர் மாதிரி தண்ணீர் வரும். அந்த ஒன்றைத் தவிர அங்கே எதுவும் சரியில்லை.

ஓட்டுக்கூரை போன மழையிலேயே பாதி போய்விட்டது. இந்த மழைக்குள் சரிசெய்யாவிட்டால் பள்ளியை மூடி, பிள்ளைகளை அக்கரைப் பள்ளிக்கு மாற்றிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மழைக்காலத்தில் பிள்ளையைப் படகேற்றிப் படிக்க அனுப்பும் தாய் அந்தக் குப்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

கூரை கேட்டு டீச்சர் ஏறாத படியில்லை. கடைசியில் ராயபுரத்து சர்ச் ஒன்றின் மிஷன் குழு இரக்கப்பட்டது. ஆனால் அவர்களுடைய ஊழியம் சுத்தமான குடிதண்ணீர் மட்டும்தான். கூரை அதில் சேராது. தண்ணீர் மோசமாக இருந்தால் சுத்திகரிக்கிற மெஷின் தருவார்கள். மெஷின் நனையாமலிருக்க ஷெட்டும் போடுவார்கள். ஷெட்டைக் கொஞ்சம் இழுத்துப் போடச் சொன்னால், மெஷினோடு சேர்ந்து பிள்ளைகளும் நனையாமல் இருப்பார்கள்.

ஆகவே, பிள்ளைகளுக்கு வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே குடங்களில் பிடித்து ஒதுக்கியாயிற்று. அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் சாத்தியாயிற்று. மிச்சம், விருந்தாளிகளுக்கான இந்த ஒரு டிரம்தான்.

“கலரு பத்தல டீச்சர்.” பவுனம்மாளுக்கு இப்போது வேலையில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. “டீ டிகாஷன் கொஞ்சம் வுடட்டா?”

“விடு. நாத்தத்துக்கு என்ன பண்றது?”

“அது காத்துலயே வந்துகினு கீது. ஃப்ரீ.”

மிஷன் குழு வந்து இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குழு என்றால் சாலமோனும் அவர் மனைவி ரேச்சலும்தான். இருவரும் கண்கள் சிவக்க, கிடைத்த நிழலில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

“ஸ்தோத்திரம் டீச்சர். மன்ச்சிக்கங்க, லேட்டாயிட்ச்சு” என்றார் சாலமோன். “கல்மண்டபத்துல எங்க தெருவுக்குத் தண்ணி லாரி எப்ப வரும்னு கர்த்தருக்குத்தான் தெரியும். ராவெல்லாம் கொடத்தோட குந்திகினு இருந்தோம். ஒரே பேஜாரு.”

“பரவாயில்ல சார். பம்பு ரிப்பேரு. நேத்துப் பிடிச்ச தண்ணி டிரம்முல இருக்கு.” பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சாலமோன் சட்டைப் பையிலிருந்து, தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா போன்ற மீட்டரை எடுத்து டிரம்மில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். மீட்டரை உதறினார். மறுபடி வைத்தார். முகம் மாறியது.

“ரேச்சலு, இங்க வா. இத்தப் பாரு.”

ரேச்சல் பார்த்தார். “ஆண்டவரே!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உப்பை ஒரு கை குறைத்தே போட்டிருக்கலாமோ என்று டீச்சர் பவுனம்மாளைப் பார்த்தார்.

“இத்தத்தான் புள்ளைங்க தெனமும் குடிக்குதா?” சாலமோன் மீட்டரைப் பையில் வைக்கவும் மறந்து கேட்டார்.

“தினமும் சார்.”

“கை கால் கழுவ?”

“அதுக்கும் இதுதான் சார்.”

“பாத்திரங்கூட இதுலதான் நைனா வெளக்கறேன்” என்று பவுனம்மாள் தன் பங்குக்கு மூக்கைச் சிந்தினாள்.

ரேச்சலின் கண்கள் நிறைந்துவிட்டன. சாலமோன் ஒரு டம்ளர் மொண்டு, கண்ணை மூடி, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். இன்னொன்று மொண்டு மனைவியிடம் நீட்டினார். அவரும் குடித்தார்.

மிஷன்காரர்கள் பிறர் துன்பத்தைத் தாங்களும் சுமப்பார்கள் என்று டீச்சர் கேள்விப்பட்டிருந்தார். இந்த அளவுக்குச் சுமப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கண் தன்பாட்டுக்கு, கூரையில்லாத மூலையிலிருந்து ஷெட்டின் நீளத்தை அளந்துகொண்டிருந்தது.

கணவனும் மனைவியும் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்த சாலமோன் தலையைச் சொறிந்தார்.

“மிஷினு இங்க தேவப்படாது டீச்சர். எங்க லாரித் தண்ணில வச்சா மீட்டரு இதுக்கு ரெண்டு மடங்கு காட்டும்.”

“சார்?”

“நாளிக்கு எங்க தெருவே கேனோட வரோம், இந்தத் தண்ணிய எங்களுக்கும் கொஞ்சம் குடுப்பீங்களா?”