பென் டிரைவில் வந்தது

கும்மிடிப்பூண்டி பேரிங் கம்பெனியில் கேமரா பொருத்திய சோதனைக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் பூமிகா, பென் டிரைவில் கொண்டுவந்துதான் லினக்ஸில் மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு ஃபைலைப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. மறுபடி மறுபடி வெளியே போய் டவுன்லோட் செய்து எடுத்துவந்தாள்.

கடைசியில் ஏறியது. பழுதான பேரிங்குகளைக் கேமராவே கண்டுபிடித்து ஒதுக்கியது.

மேனேஜருக்குச் சந்தோஷம். "இனிமே கண்ணால பாத்து செக் பண்ற ஆளு வேணாம். துளசிராமன இன்னியோட நிறுத்திடலாம்."

"அவருக்கு உதவியா இருக்கும்னுதானே சார் சொன்னீங்க?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

துளசிராமன் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். "முடிஞ்சிச்சாம்மா? நான் இப்ப இன்னா பண்ணணும்?"

பூமிகா பென் டிரைவைக் கழற்றினாள்.

"அம்மா காத்துனு இருக்கும். ஊட்டுக்குப் போலாம், வா நைனா."