நானாவின் சீட்

நானா மௌத்தாகி எட்டாம் நாளே அண்ணனின் காரை ஜெஸீல் எடுக்க வந்தான். முப்பது வருடப் பழசு என்றாலும் நீண்ட பொனட்டும் தோல் சீட்டுமாக, கனமூலை ஊரில் அப்படியொரு கார் வேறில்லை. மதினி ஹிதாயா, புருஷன் இறந்ததால் இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் அவள் வாசலைத் தாண்ட முடியாது.

"அது அவர் எனக்குத் தந்த கார், தம்பி," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

"பொம்புளைக்கு என்னத்துக்குக் கார்?" சாவியை அவனே ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

நானா குள்ளம், ஜெஸீல் ஆறடி. சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால், மறுநாள் அது ஒரு நூலளவு முன்னுக்கு வந்திருக்கும். மெக்கானிக் சீட்டை நகர்த்தும் மோட்டாரையே கழற்றிப் போட்டான். மறுநாளும் ஒரு நூல் வந்தது. பிறகு பின்னுக்குத் தள்ளவே முடியவில்லை. அவனுக்கும் காரை விட மனமில்லை. முழங்காலை மடித்துக்கொண்டு ஓட்டினான்.

இத்தா முடிந்த அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, புத்தளம் போகும் வழியில், கார் தானாக நானா வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. சீட் அவனை ஸ்டியரிங்கோடு நெரித்தது. நெஞ்சு அழுந்தி ஹோர்ன் விடாமல் அலறியது.

வெள்ளைச் சேலையை மாற்றிவிட்டு ஹிதாயா வெளியே வந்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். ஜெஸீலைப் பார்க்கவே இல்லை.

"தம்பி இரிக்கட்டும்," என்றாள் ஸ்டியரிங்கைப் பார்த்து. "எடுங்க, போவம்."

கியர் விழுந்தது. ஜெஸீலின் இரண்டு கைகளும் கதவைத்தான் பிடித்திருந்தன.