வலது பக்கத்துக் காத்து

"வருது பாரு, உன் மாசாந்திரக் கிராக்கி!" பக்கத்து டயர்க்கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு.

அந்தக்கா பைக்கைத் தள்ளிக்கிட்டுதான் வந்துச்சு. ஒரு நாளும் யாரும் ஏறி ஓட்டி வந்ததில்ல. அது புருஷன் ஓட்டிப் போய் விபத்துல செத்த பைக். ஒன்பது மாசமா அதே பைக், அதே புகார்.

"தம்பி, பிரேக் மறுபடியும் உள்ள போகுது."

"மறை கழண்ட கேசுடா," டயர்க்கடைக்காரர் காதைக் கடிச்சாரு.

"மறை கழண்டா மாட்டி விட்டுடலாம்ணே. நமக்குப் பொழப்பே அதுதான," ன்னான் மெக்கானிக். தெருவுல அவனுக்குப் பேரே லொடலொட. பல்லு விளக்கும்போதுகூட அந்த வாய் சும்மா இருந்ததில்ல.

ஆனா அந்தக்காவைப் பார்த்தா மட்டும் நாக்கு லேசா ஒட்டிக்கும்.

பைக் பழசு. பிரேக் புடிச்சா மூஞ்சி குப்புறக் குனியாம இருக்க, முன்சக்கரத்தைப் புடிச்சிருக்கற ரெண்டு ஃபோர்க்குலயும் கீழ ஒரு சின்ன டப்பா இருக்கும். ஆன்டி-டைவ்னு பேரு. பிரேக் ஆயில்தான் அதுக்குள்ளயும் போகும். அதனால ஆயில்ல சிக்கின காத்தை வெளிய எடுக்கும்போது பிரேக்குக்கு ரெண்டு, டப்பாவுக்கு ரெண்டு, ஆக நாலு நிப்பிள் திருகையும் தொறந்தாகணும். ஒண்ணை விட்டாலும் உள்ள காத்து நின்னுடும். லீவரைப் புடிச்சா பஞ்சை அமுக்கற மாதிரிதான்.

லொடலொட குந்தி உக்காந்தான். வலது டப்பா நிப்பிள்ல டியூபைச் சொருகி, ஸ்பேனரைக் கால் திருப்பு திருப்பினான்.

"லீவரை அமுக்குங்கக்கா."

புளுக்.

டியூபுக்குள்ள ஒரு குமிழி. கொஞ்சம் நின்னு இன்னொண்ணு. தண்ணியில முங்கினவன் கடைசியா விடற மூச்சு மாதிரி ஒண்ணொண்ணா ஏறி வந்துச்சு.

பட்டப்பகல். ரோட்டுல பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான். ஆனாலும் இவனுக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கிச்சு.

நட்டுக்காம என்ன பண்ணும்? சீல் மாத்தியாச்சு. ஓஸ் பைப் மாத்தியாச்சு. ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. தள்ளிக்கிட்டு வர்ற தூரத்துக்கு மேல மீட்டர்ல ஒரு நம்பர் நகரல. போன மாசம் பத்து நாள் கடையிலேயே போட்டு வச்சிருந்தான், பிரேக் கல்லு மாதிரி நின்னுச்சு. வீட்டுக்குப் போனாத்தான் உள்ள காத்து. அதுவும் இதே வலது டப்பாவுல.

"வீட்ல... வண்டிகிட்ட யாராவது வராங்களாக்கா?"

"யார் வருவா? அவர் ஹெல்மெட் மாட்டின ஆணியைக்கூட யாரும் தொடறதில்ல." அக்கா குரல்ல ஏத்த இறக்கமே இல்ல. "ஆனா மத்தியானத்துல லீவர் சத்தம் கேக்கும். டக்... டக்..."



டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தாரு. "அந்த மனுஷனுக்குச் செத்தும் வேகம் அடங்கலம்மா. நம்ம லொடலொடதான் சாவு வீட்லயே சொன்னானே, அண்ணன் எப்பவும் முறுக்கித்தான் ஓட்டுவாருன்னு."

"ஆமா, சொன்னாப்ல," ன்னுச்சு அக்கா. "எம் பொண்ணுகூட அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கா. அவ அப்பா அவர் திமிரால செத்தாருன்னு."

சொல்லிட்டு லீவர்லேர்ந்து கையை எடுத்துடுச்சு.

யாரும் அமுக்கல. ஆனா இன்னொரு குமிழி ஏறுச்சு. புளுக்.

லொடலொட ஸ்பேனரைப் போட்டுட்டுப் பின்னால சாஞ்சுட்டான்.

"அண்ணனைப் போகச் சொல்லுங்கக்கா! நான்தான்க்கா, நான்தான்! கடைசியா அண்ணன் வண்டிக்குக் காத்து எடுத்த அன்னிக்கு மூணு நிப்பிள்தான் தொறந்தேன். இது துருப்புடிச்சு இறுகிக் கிடந்துச்சு. அவர் வேற, நேரமாச்சுன்னு நின்னுக்கிட்டே இருந்தாரு. முறுக்கினா உடைஞ்சு தொலையுமேன்னு விட்டுட்டேன். அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு... அவர் மெதுவாத்தான்க்கா ஓட்டுவாரு. எப்பவும் மெதுவாத்தான் ஓட்டுவாரு."



டயர்க்கடைக்காரர் ஒரு டயரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு.

அக்கா தோள்பையைத் தொறந்து ஒரு எட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கீழ வச்சுச்சு.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. எந்திரி. மொத தடவை இருந்தது நீ எடுக்காம விட்ட காத்து. அப்புறம் வந்ததெல்லாம், இப்பத் தானா ஏறுன குமிழி வரைக்கும், நான் ஏத்தினது. எடுக்கறதை உன்னைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன், அதையே தலைகீழாச் செஞ்சேன்."

"அக்கா..."

"விபத்துக்கப்புறம் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வண்டி வந்த அன்னிக்கே பார்த்தேன். மூணு நிப்பிள் துடைச்சுப் பளபளன்னு இருந்துச்சு. இது மட்டும் மண்ணு அப்பின மேனிக்கு."

"அப்பவே என் சட்டையைப் புடிச்சிருக்கலாமேக்கா!"

"புடிச்சிருந்தா மழுப்பியிருப்பே. உனக்கு வாய்க்கா பஞ்சம்?"

அவன் தலை தொங்கிப் போச்சு. "ஸ்டேஷனுக்கு வேணாலும் வரேன்க்கா. இப்பவே வரேன்."

"மொதல்ல எம் பொண்ணுகிட்ட வா. இப்ப சொன்னியே, மெதுவாத்தான் ஓட்டுவாருன்னு, அதை அவகிட்டயும் சொல்லு."

அவன் தலையாட்டினான்.

அக்கா பைக் சாவியை எடுத்து, கிரீஸ் அப்பின அவன் கையில வச்சுச்சு.

"மீதிக் காத்தையும் நல்லா எடு. திங்கக்கிழமையிலேர்ந்து அவ இதுலதான் வேலைக்குப் போறா. இந்த நிப்பிளைச் சாகற வரைக்கும் மறக்காத மெக்கானிக், ஊர்ல உன்னை விட்டா வேற எவன் இருக்கான்?"