ஜன்னலோர விளக்கு

பட்டப்பகலில் அந்த ஒரு விளக்கு மட்டும் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அதுவும் ஜன்னலோரத்தில்!

எலெக்ட்ரீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் வந்தால் விளக்குகள் தானாக அணையும்படி தையல் கூடம் முழுக்க சென்சார் மாட்டியவனே அவன்தான். அப்படியும் கரன்ட் செலவு குறையவில்லை என்று காலையில்தான் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

உறை போட்டுக் கிடந்த ஒரு மெஷினுக்குப் பின்னால் ஏணியைச் சாத்தினான். அதை ஓட்டியவளைப் பார்வை சரியில்லை என்று போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏறிப் பார்த்தால், சென்சார் மேல் கறுப்பு டேப்!

நேராகக் கூடத்தின் மறுகோடிக்குப் போனான். அங்கே சூப்பர்வைசர் அம்மா இருந்தாள். 'இடி' என்று அவளுக்குப் பட்டப்பெயர், சும்மா வைக்கவில்லை.

"மேடம், சென்சார்ல யாரு டேப் ஒட்டினது?"

"நான்தான். இப்ப என்ன?"

"எதுக்கு மேடம்?"

"எனக்கு வெளிச்சம் பத்தல."

"நீங்க உட்கார்றது இங்க. லைட்டு எரியறது அங்க!"

"கத்தாத தம்பி. போய் வேற வேலை இருந்தா பாரு."

கம்பெனி காசு என்றால் என்ன கொழுப்பு!

"மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்க வேலையே போயிடும் மேடம்."

"போனா போகட்டும்."

அவன் விடுவிடுவென்று போய் ஏணியில் ஏறி டேப்பைப் பிய்த்தான். விளக்கு அணைந்தது. அணைந்தால் என்ன? ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவனையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக மெஷினை நிறுத்தினார்கள். கூடம் அமைதியானது.

விளக்குக்கு நேர் கீழே, கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்த இன்னொருத்தியும் நிறுத்தினாள். அவள் விரல்கள் துணியைத் தடவித் தடவி ஊசியைத் தேடின. முகத்தில் வெயில் விழ, நிமிர்ந்து கேட்டாள்.

"வெயில்ல கண்ணு கூசுது, மேல லைட்டு இல்லாம ஊசியே தெரியல... மெஷினும் நின்னுடுச்சே, கரன்ட் போயிடுச்சா அக்கா?"



பின்னாலேயே ஓடி வந்திருந்த 'இடி' ஏணியை அண்ணாந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஆமாடி. இப்ப வந்துடும்... வந்துடும் இல்ல தம்பி?"

அவன் துணியைத் தடவும் அந்த விரல்களைப் பார்த்தான்.

"வந்துடும்க்கா."

பிய்த்த டேப்பையே மறுபடி ஒட்டினான். நாளைக்கும் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.