மூன்று வருட மௌனம்

கல்லூரியின் கடைசி நாள். மாலையில் வட்டக்கோட்டை மதில்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான் சிஜின். பக்கத்தில் அவன் வகுப்புத் தோழன் பிரதீஷ்.

"மூணு வருஷம் எப்பிடிப் போச்சுன்னே தெரியல மக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டுட்டேன்."

பிரதீஷ் சட்டென்று நிமிர்ந்தான். "யாருகிட்டலே? தினமும் பாக்கிற ஆளா?"

"தினமும்தான். எதிர்ல வந்தா நான்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். ஆனா எனக்கு ஒரு காய்ச்சல்னா அந்த முகம் வாடிப்போவும்."

"அப்போ அவளுக்கும் உன்மேல பிரியம்தாம்லே! திங்கக்கிழமை நீ வேலைக்குச் சென்னை போயிருவ. இன்னைக்கே சொல்லிரு."

"இனிமே சொன்னா ஏத்துக்கிட மனசு வருமா?"

"சொன்னாத்தானலே தெரியும்!"

சிஜின் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனான். அடுக்களையில் எலிசா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தாயில்லாத அந்த வீட்டுக்கு, அவன் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள்.

வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டான்.

"அம்மா..."

எலிசா திரும்பினாள். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்து, அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே யாருமில்லை.

"உங்களைத்தாம்மா" என்றான் சிஜின்.