நேரில் வரைந்தது

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை நெருங்கினார்.

அவன் இரண்டடி தள்ளி நின்றான். பாராட்டு வரப்போகிறது என்று தெரிந்தால் தள்ளி நிற்பது அவன் வழக்கம்.

கோவையில் அவனுடைய முதல் கண்காட்சி. குடும்பத்தோடு போன பயணங்கள், நீர்வண்ணத்தில். வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: எல்லாம் நேரில் வரைந்தவை.

வந்தவர் ஓவியக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் நாலு பேர் கேட்பார்கள்.

படத்தில் ஒரு மலைப்பாதை. ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெண். மடியில் குப்புறக் கிடக்கும் குழந்தை. பெண்ணின் ஒரு கை குழந்தையின் நெற்றியைத் தாங்கியிருக்கிறது. முகம் மட்டும் பாதையின் வளைவை நோக்கித் திரும்பியிருக்கிறது.

"யாரையோ எதிர்பாத்துட்டு இருக்காங்க," என்றார் அவர். "அந்தக் கண்ணு இருக்கே... போட்டோ பாத்துப் போட்டா இது வராது."

"போட்டோ பாத்து நான் ஒரு கோடுகூட போட்டதில்லீங்க மேடம். அங்கயே உக்காந்து வரைஞ்சாத்தான் எனக்குக் கை ஓடும்."

சொல்லி முடித்தபோதுதான் மனைவி பின்னால் நிற்பதைப் பார்த்தான்.

இந்தப் படத்தை அவன் வீட்டில் காட்டியதில்லை. சட்டம் போடும் கடையிலிருந்து நேராக இங்கே வந்தது. வைக்காமலும் இருக்க முடியவில்லை. அவன் வரைந்ததிலேயே நல்ல படம் இதுதான்.

"அய்யே, நான் வாந்தி எடுத்தது!" மகள் அம்மாவின் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்பா, இதையெல்லாமா வரைவாங்க?"

யாரோ சிரித்தார்கள்.

வால்பாறை போகும் வழி. கொண்டை ஊசி வளைவுகளில் பாப்பா துவண்டுவிட்டாள். காரை நிறுத்தினார்கள். "தண்ணி, சீக்கிரம்," என்றாள் மனைவி. அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான்.

உண்மையிலேயே ஓடினான்.

வளைவைத் தாண்டியதுமே பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாட்டில் நிறைந்தது. திரும்பியவன், புதர்களின் இடைவெளியில், கீழே அவளைப் பார்த்தான். அவளுக்கு அவன் தெரியவில்லை. மேகம் விலகி வெயில் அவள் தோளில் விழுந்திருந்தது.

பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சின்ன வரைநோட்டை எடுத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பாப்பா அழுது ஓய்ந்திருந்தாள். மனைவி குழந்தையின் வாயைக் கழுவிவிட்டு, மீதித் தண்ணீரை அவனிடமே நீட்டினாள்.

"குடிங்க. பாவம், எத்தன தொலவு போனீங்களோ."

அவன் குடித்தான்.

இப்போது அந்த அம்மாள் மகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழந்தைக்கு முடியாம இருந்தப்பவா? அப்பவா உக்காந்து வரைஞ்சீங்க?"

அவன் சட்டத்தின் மூலையை நேராக்கினான்.

"இது மட்டும் போட்டோ பாத்து வரைஞ்சதுங்க மேடம்," என்றாள் மனைவி. "எந்தம்பி எடுத்த போட்டோ. இவரு அப்பத் தண்ணிக்குப் போயிருந்தாரு."

அந்தப் பயணத்தில் தம்பி வரவில்லை.

அவள் குரலில் பிசிறில்லை. அவன் வராத விசேஷங்களில் சொந்தக்காரர்களுக்குக் காரணம் சொல்வாளே, அதே குரல்.

அந்த அம்மாள் அவனைப் பார்த்தார். மறுப்பதற்கு ஒரு கணம் இருந்தது.

"ஆமாங்க," என்றான். "போட்டோதான்."

"அதான பாத்தேன்." கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "கண்ணு கொஞ்சம் ஒட்டாமத்தான் இருக்கு. அப்ப வாசல்ல எல்லாம்னு போடாதீங்க."

போய்விட்டார்.

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். ஏதாவது சொல்வாள் என்று நின்றான். திட்டினால்கூடப் போதும்.

அவள் பாப்பாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையின் முதல் படத்துக்குப் போனாள்.

தரங்கம்பாடி. ஈர மணலில் அவள் நடந்துவருகிறாள். இடுப்பில் பாப்பா. இரண்டு தோளிலும் பை. அவளுக்கு மிகவும் பிடித்த படம். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவாள்.

அதன் முன் வெகுநேரம் நின்றாள்.

பிறகு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

சுவர் நெடுக இன்னும் படங்கள் இருந்தன.